வீடியோ வட்டுப் பூட்டு ஏன் ஒவ்வொரு முறையும் உடைந்தது?

படத்தின் தகவலைக் குழப்பி எழுதும் சிஎஸ்எஸ் என்ற பூட்டோடு விற்கப்பட்ட டிவிடியை, அந்தப் பூட்டில் கை வைக்காமலேயே நகலெடுக்க முடியும். வட்டு அச்சடிக்கும் ஆலை வைத்திருப்பவர் மூல வட்டின் ஒவ்வொரு பிட்டையும் அப்படியே இன்னொரு வட்டில் பதித்துவிட்டால் போதும். பூட்டும் சாவியும் சேர்ந்தே நகலாகிவிடும், மூல வட்டு ஓடும் எந்தப் பிளேயரிலும் நகலும் தடையின்றி ஓடும். திருட்டு வட்டுகளை மொத்தமாக அச்சடித்து விற்றவர்களுக்கு அந்தப் பூட்டு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. அது தடுத்தது வேறு இரண்டு பேரை: வீட்டில் வெற்று வட்டில் பதிவு செய்ய நினைத்தவரையும், உரிமம் வாங்காமல் பிளேயர் செய்ய நினைத்தவரையும். இந்த இருவரில் இரண்டாமவர்தான் அதன் முதன்மை இலக்கு என்பது என் முடிவு. கடந்த கால் நூற்றாண்டில் இந்தப் பூட்டுகள் வரிசையாக உடைந்ததை இந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

டிவிடிக்கு முன்பு விஎச்எஸ் நாடாக்கள் இருந்தன. அவற்றின் நகல் ஒவ்வொரு தலைமுறைக்கும் மங்கிக்கொண்டே போகும். அந்த மங்கலே ஒரு பாதுகாப்பாக இருந்தது. அதற்கு மேல் 1980-களின் நடுவில் மேக்ரோவிஷன் என்ற முறை வந்தது. திரையில் தெரியாத வரிகளில் சில மின்துடிப்புகளைச் சேர்த்து, பதிவு செய்யும் கருவியின் ஒளிச்சமன் சுற்றை அது குழப்பும். தொலைக்காட்சியில் படம் சரியாகத் தெரியும், நகலெடுத்த நாடாவிலோ வெளிச்சம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் டிஜிட்டல் நகல் மங்காது. ஆயிரமாவது நகலும் முதல் நகலும் ஒன்றுதான். 1996 நவம்பரில் ஜப்பானிலும் 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் டிவிடி கடைக்கு வந்தபோது படநிறுவனங்களை வாட்டிய கவலை இதுதான். பூட்டு இல்லாமல் படங்களைத் தர மாட்டோம் என்று அவை பிடிவாதமாக நின்றன.

மட்சுஷிதாவும் தோஷிபாவும் உருவாக்கிய சிஎஸ்எஸ் அப்படிப் பிறந்தது. பிளேயர் தயாரிக்க விரும்பும் நிறுவனம் அதற்கான சாவியை உரிமம் பெற்றே வாங்க வேண்டும். அந்த உரிமத்தோடு நிபந்தனைகளும் வந்தன. உலகத்தைப் பல மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்து வட்டு மற்றொன்றில் ஓடாதபடி பிளேயர் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிவரும் அனலாக் சமிக்ஞையில் மேக்ரோவிஷன் சேர்க்க வேண்டும். எச்சரிக்கை அறிவிப்பு திரையில் ஓடும்போது, அதைத் தாண்டிச் செல்லும் பொத்தானை அழுத்தினால் பிளேயர் கேட்கக் கூடாது. காசு கொடுத்து வட்டு வாங்கியவர் அதை எப்படிப் பார்க்கலாம் என்பதை வட்டை விற்றவரே விற்ற பிறகும் தீர்மானிக்கும் ஏற்பாடு இது.

409 முறை எழுதப்பட்ட ஒரே எண்

சிஎஸ்எஸ் இயங்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. டிவிடியில் தகவல் 2048 பைட் கொண்ட துண்டுகளாக இருக்கும். பூட்டப்பட்ட துண்டில் முதல் 128 பைட் அப்படியே விடப்படும், மீதி குழப்பப்பட்டிருக்கும். அதைத் தெளிவாக்க அந்தப் படத்துக்குரிய தலைப்புச் சாவி தேவை. தலைப்புச் சாவியைத் திறக்க வட்டுச் சாவி தேவை. வட்டுச் சாவி, வட்டின் உள் விளிம்புப் பகுதியில் ஒளிந்திருக்கும். வீட்டில் பயன்படுத்தும் வெற்று வட்டுகளில் அந்தப் பகுதியில் எதையும் எழுத முடியாதபடி செய்துவிட்டார்கள். தொழிற்சாலை நகல் ஓடுவதற்கும் வீட்டு நகல் ஓடாததற்கும் காரணம் இந்தச் சிறிய ஏற்பாடுதான்.

அந்தப் பகுதியில் இருப்பது 5 பைட் நீளமுள்ள 409 எண்கள். முதலாவது, வட்டுச் சாவியை அதே சாவியால் பூட்டி வைத்த சரிபார்ப்பு எண். மற்ற 408-உம் அதே வட்டுச் சாவிதான், ஒவ்வொன்றும் வெவ்வேறு பிளேயர் சாவியால் பூட்டப்பட்டது. பிளேயர் தன் சாவியால் தனக்குரிய இடத்தைத் திறந்து பார்த்து, வந்த விடை சரிதானா என்பதை முதல் எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளும். ஒரு தயாரிப்பாளரின் சாவி கசிந்துவிட்டால், அடுத்து வரும் வட்டுகளில் அவருக்குரிய இடத்தை மட்டும் மாற்றிவிடலாம் என்பது திட்டம்.

5 பைட் என்றால் 40 பிட். அக்காலத்து அமெரிக்க ஏற்றுமதி விதிகள் வலுவான குறியாக்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதிக்காததால் இந்த அளவு தேர்ந்தெடுக்கப்பட்டது. 40 பிட்டில் சுமார் 1.1 லட்சம் கோடி சாவிகள் அடங்கும். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும் இந்த எண் 1990-களின் இறுதியிலேயே கணினிகளுக்குச் சிறியது. வடிவமைப்போ அதைவிடப் பலவீனமாக இருந்தது.

1999 அக்டோபரில் டீசிஎஸ்எஸ் என்ற சிறிய விண்டோஸ் நிரல் இணையத்தில் வெளியானது. டிவிடியில் உள்ள படத்தைப் பூட்டு நீக்கி வன்தட்டில் சேமித்துக் கொடுத்தது அது. அதை வெளியிட்டவர் நார்வேயைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவன் யோன் லெக் யோஹான்சன். அவரோடு சேர்ந்து உழைத்த மற்ற இருவர் பெயர் சொல்லாமலே ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்களுக்குக் கதவு திறந்தது ஜிங் என்ற நிறுவனத்தின் மென்பொருள் பிளேயர் வழியாக. உரிமம் பெற்ற மற்ற நிறுவனங்கள் தங்கள் சாவியை நிரலுக்குள் கண்டுபிடிக்க முடியாதபடி மறைத்து வைத்திருந்தன. ஜிங் அதைச் சரிவர மறைக்கவில்லை. ஒரு சாவி கையில் கிடைத்ததும் அதை வைத்து வட்டுச் சாவியை எடுத்து, அதிலிருந்து மற்ற பிளேயர்களின் சாவிகளையும் கணக்கிட்டு, குறுகிய காலத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்ட சாவிகளைச் சேர்த்துவிட்டார்கள். கசிந்த சாவியை முடக்கும் திட்டம் அன்றோடு பொருளற்றுப் போனது.

ஜிங் கவனக்குறைவாக இருந்ததால்தான் எல்லாம் நடந்தது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. அதே ஆண்டு ஃபிராங்க் ஸ்டீவன்சன் என்ற ஆய்வாளர் எந்தச் சாவியும் கையில் இல்லாமலேயே சிஎஸ்எஸ் உடையும் என்று காட்டினார். சிஎஸ்எஸ்ஸின் மையத்தில் 17 பிட் நீளத்திலும் 25 பிட் நீளத்திலும் இரண்டு நகர்வுப் பதிவகங்கள், அதாவது பிட்டுகளைப் படிப்படியாக நகர்த்தி எண் வரிசை உருவாக்கும் அமைப்புகள், இருக்கின்றன. சாவியின் ஒரு பகுதி ஒன்றிலும் மீதி மற்றதிலும் போகும். இரண்டும் தனித்தனியாக ஓடி எண்களை உமிழும், அவற்றின் கூட்டுத்தொகைதான் இறுதி வெளியீடு. வெளியீட்டில் சில பைட்டுகள் தெரிந்துவிட்டால், சிறிய பதிவகத்தின் நிலையை மட்டும் ஊகித்தால் போதும். அதைக் கழித்தால் பெரியதன் வெளியீடு தானாகக் கிடைத்துவிடும். ஊகிக்க வேண்டிய வாய்ப்புகள் 65,536 மட்டுமே. வட்டில் உள்ள அந்தச் சரிபார்ப்பு எண்ணிலிருந்து வட்டுச் சாவியை மீட்பதற்கும் ஏறத்தாழ 3.3 கோடி முயற்சிகள் போதும். அக்காலத்துப் பென்டியம் கணினியே அதை அரை நிமிடத்துக்குள் முடித்துவிடும். பிளேயர் சாவி சரியானதுதானா என்று பார்த்துக்கொள்வதற்காக வைத்த எண்ணே பூட்டைத் திறக்கும் வழியாகிவிட்டது. பிற்பாடு, பாரிஸில் மாணவர் திட்டமாகத் தொடங்கிய வீடியோலேன் குழு, திருடிய சாவி எதையும் நம்பாமல் கணக்கின் வழியாகவே பூட்டைத் திறக்கும் நிரல் தொகுதியை உருவாக்கியது. லினக்ஸ் இயங்குதளத்தில் டிவிடி பார்ப்பவர்கள் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

நீதிமன்றத்தில் ஒரு நிரல்

கணக்கில் தோற்ற பூட்டைச் சட்டத்தால் காப்பாற்ற முனைந்தார்கள். அமெரிக்காவில் 1998-இல் நிறைவேறிய டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டம், பூட்டை உடைப்பதையும் உடைக்கும் கருவியைப் பரப்புவதையும் தனிக் குற்றங்களாக்கியிருந்தது. 2000 ஜனவரியில் எட்டு படநிறுவனங்கள் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தன. டீசிஎஸ்எஸ் நிரலைத் தன் தளத்தில் வெளியிட்ட ‘2600’ என்ற ஹேக்கர் இதழின் எரிக் கார்லி அதில் முக்கியப் பிரதிவாதி. லினக்ஸுக்கு உரிமம் பெற்ற பிளேயர் எதுவும் இல்லாததால் தாங்களே எழுத வேண்டியிருந்தது என்பது நிரலை ஆதரித்தவர்களின் வாதம். அப்படியென்றால் ஏன் விண்டோஸில் எழுதினீர்கள் என்று எதிர்த்தரப்பு கேட்டது. டிவிடியின் கோப்பு அமைப்பை லினக்ஸ் அப்போது சரிவர ஆதரிக்கவில்லை என்று யோஹான்சன் சாட்சியம் அளித்தார். நீதிபதி லூயிஸ் கேப்லன் அதை ஏற்கவில்லை. நிரலும் பேச்சுதான், ஆனால் அது ஒரு வேலையைச் செய்யும் கருவியாகவும் இருப்பதால் அதைத் தடுக்கலாம் என்று 2000 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். நிரல் கிடைக்கும் இடத்துக்குத் தெரிந்தே இணைப்புக் கொடுப்பதையும் தடை செய்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001 நவம்பரில் அதை உறுதி செய்தது.

இந்தத் தீர்ப்பு எழுப்பிய எதிர்ப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது. நிரல் பேச்சா, கருவியா என்ற கேள்விக்கு, இரண்டையும் பிரிக்க முடியாது என்று காட்டியே பதில் சொன்னார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டேவிட் டூரெட்ஸ்கி, அதே வழிமுறையைச் சாதாரண ஆங்கில விளக்கமாகவும் கணிதக் குறியீடாகவும் படமாகவும் மாற்றி ஒரு தொகுப்பாக வைத்தார். சட்டைகளில் அச்சடித்தார்கள், கவிதையாக எழுதினார்கள். ஃபில் கார்மடி என்பவர் 2001-இல் 1,401 இலக்கங்கள் கொண்ட ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்தார். அதை இருமமாக எழுதினால் சுருக்கப்பட்ட டீசிஎஸ்எஸ் நிரல் கிடைக்கும். ஓர் எண்ணைத் தடை செய்ய முடியுமா என்று கேட்பதற்காகவே அவர் அதைத் தேடிப் பிடித்தார். எம்ஐடியைச் சேர்ந்த இருவர் முழு வழிமுறையையும் ஏழு வரி பெர்ல் நிரலில் அடக்கிக் காட்டினார்கள்.

நார்வேயில் நடந்தது வேறு. 2000 ஜனவரியில் பொருளாதாரக் குற்றப் பிரிவுக் காவலர்கள் யோஹான்சன் வீட்டில் சோதனையிட்டுக் கணினியை எடுத்துச் சென்றார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துக் குற்றப்பத்திரிகை வந்தது. பிறருக்குச் சொந்தமான தகவலைப் பாதுகாப்பை உடைத்து எடுத்தார் என்பது குற்றச்சாட்டு. 2003 ஜனவரி 7 அன்று ஓஸ்லோ நீதிமன்றம் அவரை விடுவித்தது. சட்டப்படி விலை கொடுத்து வாங்கிய வட்டைப் பார்க்க ஒருவருக்கு உரிமை உண்டு, தன் சொத்துக்குள் தானே நுழைவது அத்துமீறல் ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது, அதே ஆண்டு டிசம்பரில் மறுபடியும் தோற்றது. ஒரே நிரல், ஒரே பூட்டு. ஒரு நாட்டில் அதற்கு இணைப்புக் கொடுப்பதே குற்றம், இன்னொரு நாட்டில் அதை எழுதியவரே நிரபராதி.

அமெரிக்காவில் அதன் பிறகும் வழக்குகள் ஓயவில்லை. டிவிடிக்குக் காப்புப் பிரதி எடுக்கும் மென்பொருள் விற்ற 321 ஸ்டூடியோஸ் 2004-இல் மூடப்பட்டது. ஜிங்கின் தாய் நிறுவனமான ரியல்நெட்வொர்க்ஸ் முறையாக உரிமம் வாங்கி, நகலுக்குக் கூடுதல் பூட்டும் போட்டு விற்ற ரியல்டிவிடிக்கும் 2009-இல் தடை விழுந்தது. உரிமம் வாங்கியவருக்கே அனுமதி இல்லை என்ற நிலை, இந்தப் பூட்டு யாருக்காகப் போடப்பட்டது என்ற கேள்வியை எனக்கு மேலும் அழுத்தமாக்குகிறது.

16 பைட்டும் ஒரு கொடியும்

உயர் தெளிவு வட்டுகள் வந்தபோது பழைய பாடத்தைப் படித்தவர்கள் வடிவமைத்தார்கள். எச்டி டிவிடி, புளூ-ரே இரண்டுக்கும் பொதுவான ஏஏசிஎஸ், 128 பிட் ஏஇஎஸ் குறியாக்கத்தைப் பயன்படுத்தியது. வழிமுறை ரகசியமல்ல, 2005-இலேயே வெளியிடப்பட்டது. ஒவ்வொரு பிளேயருக்கும் மரக்கிளை போன்ற அமைப்பில் தனிச் சாவித் தொகுப்பு. எந்தப் பிளேயரின் சாவி கசிந்தாலும், அந்தக் கிளையை மட்டும் ஒதுக்கி அடுத்த வட்டுகளை அச்சடிக்கலாம். நல்ல வடிவமைப்பு. ஏஇஎஸ்ஸை அன்றும் யாரும் உடைக்கவில்லை, இன்றும் உடைக்கவில்லை.

ஆனாலும் 2006 டிசம்பர் இறுதியில் மஸ்லிக்ஸ்64 என்ற புனைபெயரில் ஒருவர் எச்டி டிவிடியைத் திறக்கும் நிரலை வெளியிட்டார். வாங்கிய படத்தைத் தன் கணினித் திரை ஓட்ட மறுத்ததுதான் அவரைத் தூண்டியது. பிளேயரிலிருந்து திரைக்குக் கம்பி வழியாகப் போகும் படத்தைப் பூட்டும் எச்டிசிபி என்ற வசதி அந்தத் திரையில் இல்லை. அவர் கணிதத்தோடு மோதவில்லை. உரிமம் பெற்ற பிளேயர் படத்தை ஓட்டும்போது, தலைப்புச் சாவி எங்காவது ஒரு கணமேனும் கணினி நினைவகத்தில் வெளிப்படையாக இருந்தே ஆக வேண்டும். நினைவகத்தைப் படியெடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு 16 பைட்டையும் சாவியாக வைத்து முயன்றார். வீடியோ கோப்பில் சில இடங்களில் என்ன பைட் வரும் என்பது முன்பே தெரியும், எனவே சரியான சாவி தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

2007 பிப்ரவரியில் ஆர்னசாமி என்ற புனைபெயர்க்காரர் இன்னும் ஒரு படி மேலே ஏறினார். பிளேயர் தன் கிளைச் சாவியிலிருந்து, வட்டைத் திறக்க உதவும் ஊடகச் சாவியைக் கணக்கிடும் வழியில் இடையில் ஒரு சாவி உருவாகும். அதுவரை எந்தப் பிளேயரும் முடக்கப்படாததால், வெளிவந்திருந்த எல்லா வட்டுகளுக்கும் அந்த இடைச்சாவி ஒன்றே. நினைவகத்தில் என்ன மாறுகிறது என்று கவனித்து அதைப் பிடித்துவிட்டார். 16 பைட் நீளமுள்ள ஒற்றை எண்.

சில வாரங்கள் கழித்து, அந்த எண்ணை நீக்கும்படி ஏஏசிஎஸ் அமைப்பின் வழக்கறிஞர்கள் இணையதளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பத் தொடங்கினார்கள். 2007 மே 1 அன்று டிக் என்ற செய்திப் பகிர்வுத் தளம் அந்த எண் உள்ள இடுகைகளை நீக்கியது. பயனர்கள் முகப்புப் பக்கம் முழுவதையும் அந்த எண்ணால் நிரப்பினார்கள். அன்றிரவே அதன் நிறுவனர் கெவின் ரோஸ், இனி நீக்கப்போவதில்லை என்று அறிவித்தார். எண்ணின் 15 பைட்டுகளை ஐந்து வண்ணப் பட்டைகளாக்கி, மிச்சமிருந்த ஒரு பைட்டை மூலையில் எழுதி ஒரு கொடியே உருவாக்கினார்கள். நோட்டீஸ் அனுப்பாமல் இருந்திருந்தால், அந்த எண் ஒரு சிறு வட்டத்தோடு நின்றிருக்கும். சாவிகள் மாற்றப்பட்ட புதிய வட்டுகள் அதே மாதம் வரவிருந்தன. அவை கடைக்கு வருவதற்கு முன்பே புதிய சாவியும் வெளியே வந்துவிட்டது. முடக்கும் ஏற்பாடு சரியாகத்தான் வேலை செய்தது. வேகத்தில்தான் தோற்றது.

புளூ-ரேவுக்கு மட்டும் பிடி பிளஸ் என்ற இரண்டாவது அடுக்கு இருந்தது. ஒவ்வொரு வட்டிலும் ஒரு சிறு நிரல் இருக்கும், பிளேயருக்குள் உள்ள மெய்நிகர் கணினியில் அது ஓடி, பிளேயர் உண்மையானதா என்று சோதித்து, வேண்டுமென்றே சிதைக்கப்பட்ட காட்சிகளைத் திருத்தும். வட்டுக்கு வட்டு நிரல் மாறும். பத்தாண்டுகளுக்கு இது உடையாது என்று ஒரு தொழில்துறை ஆய்வாளர் 2007-இல் கணித்தார். கரீபியன் தீவான ஆன்டிகுவாவிலிருந்து இயங்கிய ஸ்லைசாஃப்ட் நிறுவனம் 2008 மார்ச்சில் அதைத் திறந்துவிட்டது. பிளேயருக்கும் திரைக்கும் இடையிலான கம்பியைக் காத்த எச்டிசிபியின் மூலச் சாவியும் 2010 செப்டம்பரில் இணையத்தில் வெளியானது, அது உண்மையானதுதான் என்று இன்டெலே ஒப்புக்கொண்டது.

சிப்புக்குள் போன சாவி

நினைவகத்தில் சாவி தெரிகிறது என்பதுதான் சிக்கல் என்றால், இயங்குதளமே எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் அதை வைக்க வேண்டும். 2016-இல் வந்த அல்ட்ரா எச்டி புளூ-ரே அதைத்தான் செய்தது. கணினியில் பார்க்க வேண்டுமென்றால் இன்டெல் சிப்பில் உள்ள எஸ்ஜிஎக்ஸ் என்ற தனியறை கட்டாயம். சாவி அதற்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே முடியும்.

அடுத்து நடந்ததைப் படித்தபோது வட்டு வாங்கியவர்கள் சார்பாக எனக்குக் கோபம்தான் வந்தது. இன்டெல் தன் 11, 12-ஆம் தலைமுறைக் கோர் சிப்புகளிலிருந்து எஸ்ஜிஎக்ஸை விலக்கிக்கொண்டது. அந்தச் சிப்புள்ள புதிய கணினி வாங்கியவர், தன்னிடம் உள்ள அசல் வட்டை உரிமம் பெற்ற மென்பொருளில் பார்க்க வழியில்லை. வட்டில் குறை இல்லை, டிரைவில் குறை இல்லை, பணமும் முழுதாகக் கொடுத்தாயிற்று. பூட்டு அப்படியே இருக்கிறது, அதைத் திறக்கத் தேவையான பாதுகாப்பு அறைதான் போய்விட்டது. இதே காலத்தில் எஸ்ஜிஎக்ஸும் ஆய்வாளர்களிடம் தப்பவில்லை. 2022-இல் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழு, ஒரு பிளேயர் மென்பொருள் அந்த அறைக்குள் வைத்திருந்த ஏஏசிஎஸ் சாவிகளை எடுத்துக்காட்டியது. பூட்டு நீக்கும் மென்பொருள் எழுதியவர்களோ சிப்பைத் தொடாமல், டிரைவின் உள் மென்பொருளை மாற்றி வட்டின் தகவலை நேரடியாகப் படிக்கும் வழியை ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள்.

எத்தனை அடுக்கு சேர்த்தாலும் இது ஏன் நிற்கவில்லை என்பதற்குக் காரணம் எளியது. வழக்கமான குறியாக்கத்தில் அனுப்புபவர், பெறுபவர், ஒட்டுக்கேட்கும் எதிரி என்று மூவர் உண்டு. வட்டில் பெறுபவரும் எதிரியும் ஒரே ஆள். பூட்டிய படத்தையும் அதைத் திறக்கும் சாவியையும் ஒரே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சாவி இருக்கும் இடம் மட்டும் தெரியாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஏஇஎஸ் போன்ற வலுவான கணிதம் இந்த எதிர்பார்ப்புக்கு உதவ முடியாது.

அமெரிக்கச் சட்டம் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் தலைவர் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை, எந்தப் பயன்பாட்டுக்காகப் பூட்டை உடைக்கலாம் என்று அறிவிப்பார். 2006-இல் திரைப்படப் பாடம் நடத்தும் பேராசிரியர்கள் வகுப்பில் காட்டுவதற்காக டிவிடியிலிருந்து காட்சித் துண்டுகளை எடுக்க முதன்முதலாக அனுமதி கிடைத்தது. 2010-இல் ஆவணப்பட இயக்குநர்களுக்கும், வணிக நோக்கமின்றி வீடியோ செய்பவர்களுக்கும் அது விரிந்தது. ஆனால் அந்த விலக்கு உடைக்கும் செயலுக்கு மட்டும்தான், உடைக்கும் கருவிக்கு இல்லை. பேராசிரியர் தன் வகுப்புக்காகப் பூட்டைத் திறக்கலாம். திறப்பதற்கான மென்பொருளை அவருக்கு எழுதிக் கொடுப்பவர், 2000-இல் எரிக் கார்லிக்கு எதிராகப் பயன்பட்ட அதே சட்டத்தின்படி இன்றும் குற்றம் செய்தவர் ஆகிறார்.